உறை போட்ட கம்ப்யூட்டர்கள்

நேற்று ஆபீசுக்குப் போகிற வழியில், நான் படித்த கல்லூரி வாசலில் ஒரு மினி லாரி நின்றது. வணிகவியல் துறையின் பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் அந்தப் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டேன். வெயிலில் சூடேறிய உறையின் வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பி.காம். கடைசி வருஷத்துக்கே போய்விட்டேன்.

லேபுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். எங்கள் சாருக்குக் கடல் காற்றென்றால் அப்படியொரு பயம். “உப்புக்காத்து உள்ள போச்சுன்னா மெஷினு துருவேறிப் போயிரும், ஒருத்தரும் உறையக் கழத்தக் கூடாது” என்பார். தூத்துக்குடியில் இருந்துகொண்டு உப்புக் காற்றுக்குப் பயந்தால் மூச்சை எங்கே போய் விடுவது? இதைக் கேட்க அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

பிறகு எப்படித்தான் படித்தீர்கள் என்கிறீர்களா? வரைந்து படித்தோம். கணக்கு சாஃப்ட்வேரின் திரையைச் சார் கரும்பலகையில் கலர் சாக்பீசால் போடுவார். அதை நாங்கள் ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, பச்சையும் நீலமும் தீட்டி வரைவோம். சிரிக்காதீர்கள். என் கட்டம் கோணலாக இருக்கிறதென்று சார் திரும்ப வரையச் சொன்னதெல்லாம் உண்டு. எங்கள் வகுப்பில் ஸ்டெல்லாதான் கெட்டிக்காரி. அவள் வரைந்ததைப் பார்த்தால் சுவிட்சைத் தேடத் தோன்றும். செய்முறைத் தேர்விலும் அதையே வரைந்து முழு மார்க் வாங்கினாள்.

ஸ்டெல்லா மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்துக்காரி. அவள் அம்மா இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு இறால் உரிப்பவர். அந்தக் கையில் தோல் உரிந்து கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். “ஏளா, ஒரு ஆபீஸ் வேல கெடச்சிட்டுன்னா எங்கம்மாவ நிப்பாட்டிருவேன்” என்பாள். வேறு ஆசை எதுவும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

ரிசல்ட் வந்ததும் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்சிக்கு இருவரும் சேர்ந்தே இண்டர்வியூவுக்குப் போனோம். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. கடல் காற்று மேசைக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. எழுத்து தேய்ந்த கீபோர்டோடு கம்ப்யூட்டர் உறையே இல்லாமல் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. “ஒரு பில்லு போடும்மா, பாப்போம்” என்றார் முதலாளி அண்ணாச்சி.

ஸ்டெல்லா உட்கார்ந்தாள். அவள் வரைந்த அதே திரை. எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எப்படிப் போவது? மவுசை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தாள். என்டரைத் தட்ட வேண்டும் என்பது படத்தில் இல்லையே.

“கம்ப்யூட்டர் கணக்குல முழு மார்க்குன்னுல்லா போட்டிருக்கு?”

“ரெக்கார்டுல வரஞ்சிருக்கேன் அண்ணாச்சி.”

ஆபீசே சிரித்தது. அடுத்து உட்கார்ந்த நானும் அதே லட்சணம்தான். ஆனால் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அதற்குள் சிரித்து ஓய்ந்திருந்தார்கள்.

என் அப்பா நாசரேத்தில் வாத்தியார். பணம் கட்டி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார், நான் பிழைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா வீட்டில் அதற்கு வழியில்லை. அடுத்த மாதமே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிக்கப் போய்விட்டாள். முழு மார்க் போட்ட கல்லூரிக்கு இதில் ஒரு கூச்சமும் இல்லை.

நேற்று லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் ஓர் உறையை உருவினார். கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. “புதுசு மாதிரில்லா இருக்கு, யாரும் தொடவே இல்ல போல” என்றார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

போன மாதம்தான் ஸ்டெல்லாவை ரேஷன் கடையில் பார்த்தேன். மெஷினில் கட்டைவிரலை வைத்தாள், எடுத்தாள், சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

“இறாலு உரிச்சு உரிச்சு ரேகையெல்லாம் அழிஞ்சிட்டுளா. இந்த மெஷினும் என்னய ஏத்துக்கிட மாட்டக்கு.”