இன்னும் கொஞ்சம் சுத்து

1991ஆம் வருஷம், ஆயுத பூஜை. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் என் கணவர் வேலை பார்த்த சின்னப் பட்டறைக்கு, எங்கள் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் அங்கே தகடு வெட்டும் பிரஸ் மெஷின், அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டுவிட்டது. புண் ஆறிவிட்டது, மனிதர்தான் ஆறவில்லை. முதலாளி நல்லவர், ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார். ஆனால் அந்தக் கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வராது. மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டுத்தான் தன் வாயில் வைப்பவர், ஊட்டுவதையே விட்டுவிட்டு, இடது கையில் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டார். என்னையும் அந்தக் கையால் தொடுவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.

மெட்ராஸில் சிற்பம் படிக்கிற ஒரு பெண், பழைய இரும்பைக் கேட்டு வாங்கி, அந்தப் பட்டறையிலேயே ஆளுயர இயந்திரம் ஒன்றைச் செய்து வைத்திருந்தாள். முகம் கிடையாது. ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த இரண்டு நீளக் கைகள். முன்னால் போய் நின்றால் கட்டிப்பிடிக்குமாம். "மெஷின் நம்மள ஆசையா தொட்டா எப்படி இருக்கும்னு பார்க்கத்தான்" என்றாள். இதெல்லாம் ஒரு படிப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சுவிட்சைப் போடப் போனதும் போர்மேன் ஓடி வந்தார். "இன்னாம்மா பண்றே? இன்னிக்கு மெஷினுக்கெல்லாம் லீவும்மா!"

அவள் இயந்திரத்தின் மோட்டாருக்கும் அப்போதுதான் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் முகம் தொங்கிப்போனது. பிறகு மோட்டாரிலிருந்து செயினைக் கழற்றி, பின்பக்கம் ஒரு சைக்கிள் பெடலை மாட்டினாள். கையால் சுற்றினால் மெஷின் ஓடியதாகாது என்று போர்மேனும் பெரிய மனது பண்ணினார்.

யார் சுற்றுவது? வீட்டில் தையல் மெஷினைக் கையால் சுற்றித் தைக்கிறவள் நான். நானே போனேன். "அண்ணி சுத்தினா அண்ணன்தான் உள்ள நிக்கணும்!" என்று பட்டறையே கலாட்டா பண்ணி, அவரைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தியது.

இரும்பின் தோளுக்கு மேல் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் கைகள் நெருங்க நெருங்க அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். எல்லோருடைய சிரிப்பும் நின்றது. விரல் போன அன்றைக்கு அவர் அலறியபோது அந்தப் பிரஸ் நிற்கவில்லை. இது நின்றது. நின்றுவிட்ட இரும்புக் கைகளை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இன்னும் கொஞ்சம் சுத்து" என்றார்.

தூளி ஆட்டுவதுபோல மெதுவாகச் சுற்றினேன். இரும்புக் கைகள் அவர் முதுகில் படிந்தன. கண்ணை மூடிக்கொண்டார். பாக்கெட்டிலிருந்து வலது கை வெளியே வந்து இரும்பின் தோள்மேல் உட்கார்ந்தது. ஒரு கையால் பெடலைப் பிடித்தபடி இன்னொரு கையை அதன்மேல் வைத்தேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

பூஜை முடிந்து பொரி கொடுத்தார்கள். அந்தக் கையாலேயே அள்ளி மகள் வாயருகே கொண்டுபோனார். விரல் இல்லாத இடம் வழியாகப் பொரி கொட்டியது. "நைனா, கொட்டுது!" என்று அவள் சிரித்தாள்.

"கொட்டினா கொட்டிகினு போவுது, நீ துன்னு" என்று அவரும் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

இன்று பேத்திக்கும் அந்தக் கைதான் ஊட்டுகிறது. அன்றைக்கு அவரை அணைத்தது இரும்பா, நானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது; நிறுத்து என்றால் நிற்கிற கைக்குத்தான் அணைக்கிற உரிமை உண்டு என்பது மட்டும் தெரியும்.