விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு விரல்

ரெங்கசாமி முப்பது வருஷம் சிங்கப்பூரின் சுவர்களைப் படம்பிடித்தவர். நிலத்துக்கடியில் ரயில்பாதை தோண்டுமுன், மேலே இருக்கிற கட்டடங்களில் ஏற்கெனவே எங்கெல்லாம் விரிசல் இருக்கிறது என்று படமெடுத்து வைத்துவிட வேண்டும். பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது அல்லவா? படத்தில் ஆள் தெரியக்கூடாது என்பது கம்பெனி விதி. மனுஷன் அதை வேதவாக்காகவே பிடித்துக்கொண்டார்.

மார்சிலிங் வீட்டில் மூன்று நாளாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மனைவி முத்தாயி போய், வருகிற வெள்ளியோடு ஒரு வருஷம். பேப்பரில் நினைவஞ்சலி போட அவள் படம் வேண்டும். இறந்தபோது அவசரத்தில் அடையாள அட்டைப் படத்தைப் போட்டுவிட்டார்கள். அதில் திருதிருவென்று விழிப்பாள். "நான் செத்தா அந்தப் படத்த மட்டும் போட்டுடாதீங்க" என்று முன்பே சொல்லி வைத்தவள். இந்தத் தடவையாவது அவள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று தவித்தார்.

கல்யாணப் படத்தில் அவளுக்கு இருபது வயது. அறுபத்திரண்டில் போனவளுக்கு அதைப் போடுவதா? மகள் வைஷாலியின் போனில் இருப்பவை எல்லாம் நோய் வந்து முடி கொட்டிய பிறகு எடுத்தவை. மனசு கேட்கவில்லை.

குவீன்ஸ்டவுன் தாழ்வாரம், பிடோக் தூண், சிராங்கூன் சாலைக் கடைவீட்டுச் சுவர் என்று பழைய வேலைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தவை. ஞாயிறு வேலைக்கு உதவியாள் கிடைக்காததால் முத்தாயிதான் கூட வந்து விரிசலோரம் ஸ்கேலைப் பிடிப்பாள். முடிந்ததும் தேக்கா சந்தையில் சாப்பாடு.

"என்னையும் ஒண்ணு எடுங்களேன்."

"செவுரு மறைக்குது, தள்ளு."

சிரித்துக்கொண்டேதான் தள்ளுவாள். சில நாள் குறும்பாக முகத்தை உள்ளே நீட்டுவாள். அந்தப் படங்களை அன்று சாயங்காலமே ஒன்றுவிடாமல் அழித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட ஒழுங்கான வேலைக்காரர்! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

பேப்பருக்குப் படம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வைஷாலி வந்தபோது ஒரே ஒரு படத்தைக் காட்டினார். சுவர், விரிசல், ஸ்கேல். ஓரத்தில் மஞ்சள் படிந்த நகத்தோடு ஒரு கட்டைவிரல்.

"இதப் போடலாமாம்மா? இது அம்மாதான்."

"அப்பா, இது கிராக் லா. பேப்பர்ல எப்படிப்பா போடுறது?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

அவர் வாய்விட்டு அழுதார். ஒரு வருஷமாக அழாத அழுகை அது.

வெள்ளிக்கிழமை பேப்பரில் அடையாள அட்டைப் படமே வந்தது. முத்தாயி திருதிருவென்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது தள்ளச் சொல்வாரோ என்பதுபோல.