பூட்டிய வீட்டில் ஆள் இல்லை

ரொசாவுராவுக்குப் பொய் சொல்ல வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். "தம்பி ஃபெர்மினை என் மாமா பொண்ணு பார்த்துக்கிறா." அந்த மாமாவுக்குப் பெண்ணே கிடையாது. மாமாவே கிடையாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மெக்சிகோ நகரத்தில் எங்கள் போர்த்தாலெஸ் பகுதியில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மதியம் மூன்றிலிருந்து எட்டு வரை வேலை. அப்பா எல்லை தாண்டி வடக்கே போனவர். முதலில் வாரம் ஒரு தடவை பேசினார், பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும், பிறகு அதுவும் நின்றது. அம்மா சர்க்கரை நோயில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மிச்சம் தம்பி ஃபெர்மின்தான். முப்பத்தொரு வயது, ஆட்டிசம், கூடவே வலிப்பு. காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று வேளை மாத்திரை. மதியத்து மாத்திரை அரை மணி தள்ளிப்போனாலும் விழுந்துவிடுவான்.

கல்யாணப் பேச்சு ஒரு தடவை கைகூடி வந்தது. எவெரார்தோ என்ற பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவன், சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "உன் தம்பியை எங்கேயாவது விடுதியில சேர்த்துட்டா நம்ம வாழ்க்கையைப் பார்க்கலாம்" என்றானாம். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, வாசலைக் காட்டினாள். அதை என்னிடம் சொன்னபோது சிரித்தாள். "சூப்பு வீணாகக்கூடாதுன்னுதான்."

கலாச்சார மையத்தில் நடந்த இலவச வகுப்பில்தான் எங்களுக்குப் பழக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் கூடவே உட்கார்ந்து உதவும் வேலைக்கு அது பயிற்சி. நிழல் ஆசிரியை என்பார்கள். பிறந்ததிலிருந்து சும்மா செய்துகொண்டிருக்கும் வேலைக்கு ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று அவள் வந்தாள். நான் வந்ததற்குக் காரணம் என் மகள். வீட்டிலேயே உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருக்காதே என்று துரத்திவிட்டாள். எங்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கு ஆட்டிசம் கிடையாது. அதனால் எனக்கு அதைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

எங்கள் ஆசிரியை மிஸ் பெரெனிஸ் மூன்று வாரமாக ஒரு படத்தைத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்பெயினில் எடுத்த படம். பேசுவது நம் மொழிதான் என்றாலும் அவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு பேசுவது எங்களுக்குச் சிரிப்பாக வரும். கடலோர ஊர், வீட்டுக்குள் தங்காத அப்பா, ஒரு அக்கா, பேசாத தம்பி. ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் மிஸ் ஒரு தாளைக் கொடுப்பார். வீட்டில் யாருக்கு என்ன வேஷம்? சுமப்பவர் யார், சிரிக்க வைப்பவர் யார், ஓடிப்போனவர் யார், யார் கண்ணிலும் படாதவர் யார் என்று நாங்கள் நிரப்ப வேண்டும்.

அன்றைக்கு செப்டம்பர் பத்தொன்பது. 1985-ல் அதே தேதியில் வந்த நிலநடுக்கத்தில் எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அன்று ஊர் முழுக்க நிலநடுக்கச் சங்கை ஊதவிட்டு ஒத்திகை நடத்துவார்கள். பதினொரு மணிக்கு ஊதியது. வகுப்பில் எல்லோரும் அரட்டை அடித்தபடி முற்றத்துக்குப் போய் நின்றோம். ரொசாவுரா மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள்.

"உனக்கென்ன, சின்னப் பிள்ளையா?" என்றேன்.

"ஃபெர்மினுக்கு இந்தச் சத்தம் ஆகாது. காலையிலேயே சொல்லிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் ஆகாது."

"அதான் உன் மாமா பொண்ணு இருக்காளே."

"ஆமா," என்றாள். "இருக்கா."

திரும்பி வந்து படத்தைத் தொடர்ந்தோம். அக்கா, மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். தம்பிக்குத் தட்டில் ரொட்டி வைக்கிறாள். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ் போடுகிறாள். அவள் போன பிறகும் படம் அந்தக் கதவையே காட்டிக்கொண்டிருந்தது. மிஸ் நிறுத்தினார்.

"இவளுக்கு இங்கே என்ன வேஷம்?"

நான்தான் முந்திக்கொண்டேன். "ஜெயில் வார்டன், மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டால் எனக்கு நாக்கு நிற்காது. "நாய்க்குக்கூட ஜன்னலைத் திறந்து வெச்சிட்டுப் போவாங்க. இவளைப் பிடிச்சு ஒரு நாள் உள்ளே போட்டுப் பூட்டணும். அப்பத் தெரியும்."

"அவளுக்கு வேற யாரு இருக்கா?" ரொசாவுரா தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாரும் இல்லேன்னா வேலைக்குப் போகாம வீட்டுல கிடக்கணும்."

"சாப்பாடு?"

"அதைப் படத்துல காட்டலையே."

மறுபடி சிரிப்பு. மிஸ் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "தென்ச்சா, நான் வேஷத்தைக் கேட்டேன். தீர்ப்பைக் கேட்கலே" என்றார். ரொசாவுரா தன் தாளில், அக்கா என்ற பெயருக்கு எதிரே 'ஜெயில் வார்டன்' என்று எழுதிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பன்னிரண்டே முக்காலுக்குச் சங்கு மறுபடி ஊதியது. புரொஜெக்டர் போடும் பையன், "ரெண்டாவது தடவை போடறாங்க போல, உட்காருங்க" என்றான். பாதிப் பேர் எழுந்திருக்கவே இல்லை. நானும்தான். ரொசாவுரா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்ததும், தரை அடியிலிருந்து ஒரு தூக்குத் தூக்கிப் போட்டதும் ஒன்றாக நடந்தது.

முற்றத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மின்கம்பங்கள் தலையை ஆட்டின. யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டு பரலோக மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நிற்பதற்குள்ளேயே ரொசாவுரா வாசலைத் தாண்டி ஓடினாள்.  தனியாக நிற்பதற்குப் பயந்துதான் அவள் பின்னால் ஓடினேன். வீரம் ஒன்றும் இல்லை.

போன் வேலை செய்யவில்லை. சிக்னல் விளக்குகள் அணைந்து கார்கள் நடுரோட்டில் நின்றன. ஒரு கட்டடத்தின் முன்சுவர் மொத்தமாகச் சரிந்து, மூன்றாவது மாடிப் படுக்கையறை தெருவைப் பார்த்தபடி இருந்தது. எங்கும் சுண்ணாம்புத் தூசு, கேஸ் வாடை. "சிகரெட் பத்த வைக்காதீங்க, கேஸ் கசியுது" என்று யாரோ கத்திக்கொண்டே போனார்கள்.

"மாமா பொண்ணு அவனைக் கீழே இறக்கியிருப்பா," என்றேன் மூச்சு வாங்க.

"அப்படி யாரும் இல்லே."

"என்ன?"

"பூட்டிட்டு வந்தேன், தென்ச்சா. வெளியே பூட்டு தொங்குது."

 அவள் ஓடிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னாள். போன வருடம் ஒரு நாள் அவன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். இரண்டு நாள் தேடினாள். மெட்ரோ கடைசி நிறுத்தம் தாஸ்கேன்யாவில் கிடைத்தான். முன்பல் இரண்டு உடைந்திருந்தது. யார் அடித்தார்கள் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலையில் பூட்டு வாங்கினாள்.

அவர்கள் குடியிருப்பு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து படிக்கட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரை ஒட்டி, இரும்பு கேட் போட்ட கார் நிறுத்தும் மனையில் குடியிருப்புக்காரர்கள் கூடியிருந்தார்கள். காவலாளி தோன் எலாதியோ கையில் கடப்பாரையுடன் நின்றார். எழுபது வயதிலும் வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் இறக்கியிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சு ரொசாவுரா, பயப்படாதே. பதினாறு வீடும் பார்த்தாச்சு."

"ஃபெர்மின் எங்கே?"

"உன்கூட வரலையா?" அவர் குழம்பினார். "உன் வீடு பூட்டியிருந்துச்சே. ஆள் இல்லேன்னு விட்டுட்டோம்."

அவள் முகத்தை அப்போது பார்த்தேன். கடவுள் இனி எனக்கு எதைக் காட்டினாலும் காட்டட்டும், அப்படி ஒரு முகத்தைக் காட்ட வேண்டாம். அவள் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே மேலே ஓடினாள். தோன் எலாதியோ தடுக்கவில்லை, கடப்பாரையோடு பின்னாலேயே போனார். நான் இரண்டாவது மாடித் திருப்பம்வரை போனேன். அங்கே கேஸ் வாடை மூக்கில் ஏறியது. அதற்கு மேல் என் கால் ஒரு படிகூட ஏறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன்.

பூட்டு திறக்கும் சத்தம் வந்தது. கதவு திறக்கவில்லை. நிலை வளைந்து இறுகிப் போயிருந்தது. "ஃபெர்மின், நான்தான்" என்றாள். உள்ளே சத்தமே இல்லை. கடப்பாரை மரத்தைப் பிளந்தது. இன்னும் சத்தம் இல்லை. செத்துவிட்டான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். என்னைத் தவிர யாருக்கும் கேட்காமல், என் வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு ரொசாவுராவின் குரல் கேட்டது. அழவில்லை, கூப்பிடவில்லை. மெட்ரோ அறிவிப்பு செய்கிறவளைப் போல நிதானமாக, "தாஸ்கேன்யா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஹெனரால் அனாயா." பிறகு, "எர்மீத்தா." கண்ணாடிச் சில்லுகளை மிதிக்கும் சத்தம் வந்தது. மெட்ரோ நிறுத்தங்களை அவள் வரிசையாகச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடி. தலையணையால் காதுகளை அமுக்கிக்கொண்டு, நெற்றியில் ரத்தத்தோடு, அவளைவிட ஒரு தலை உயரமான மனிதன் படியில் இறங்கி வந்தான். அவள் அவனைத் தொடாமல், அவனைப் பார்த்தபடியே பின்னால் அடி வைத்து இறங்கினாள்.

"போர்த்தாலெஸ். வீயா தெ கொர்த்தெஸ்."

அவன் நின்றான். ஒரு படி மேலே ஏறினான்.

சுவரிலிருந்து காரை பெயர்ந்து என் தோளில் விழுந்தது. தோன் எலாதியோ, "இழுத்துட்டு வாம்மா" என்று கெஞ்சினார். ரொசாவுரா கண்ணை மூடித் திறந்தாள். "மன்னிச்சுக்கோ. நாத்திவிதாஸை விட்டுட்டேன். நாத்திவிதாஸ். வீயா தெ கொர்த்தெஸ்." அவன் இறங்கினான்.

மனைக்கு வந்து சேர்ந்ததும் அவனை ஒரு சிமெண்ட் திட்டில் உட்கார வைத்தாள். மணி ஒன்றரை. மாத்திரை மேலே இருந்தது.

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன். பார்த்துக்கோ. தொடாதே, கூப்பிடாதே. சும்மா பக்கத்துல நில்லு."

"மறுபடியும் மேலேயா? ஆடினா?"

"ரெண்டு மணிக்கு அவன் விழுந்தா இந்தக் கூட்டத்துல என்ன பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் நின்றேன். அவன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடம் இருக்கும். தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. ஃபெர்மின் எழுந்தான். ஓடவில்லை. தலையணையைக் காதில் வைத்தபடி வாசலைப் பார்த்து நடந்தான். வெளியே பெரிய சாலை. நின்ற கார்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் தலைதெறிக்கப் பறந்துகொண்டிருந்தன.

தொடாதே என்று சொன்னாள். கூப்பிடாதே என்று சொன்னாள். நான் இரண்டையும் செய்தேன். சட்டையைப் பிடித்தேன், ஒரு உதறலில் என் விரல் மடங்கியது. எனக்குத் தெரிந்த மெட்ரோ நிறுத்தங்களைச் சொன்னேன். வரிசை தப்பியது போலும், திரும்பியே பார்க்கவில்லை. அவனுக்கும் சாலைக்கும் நடுவே பத்து அடி. என் உடம்பு தானாகவே முந்திக்கொண்டு ஓடி, இரும்பு கேட்டை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டது.

"கேட்டை ஏன் மூடறே? மறுபடி ஆடினா எப்படி வெளியே போறது?" என்று ஒருத்தி கத்தினாள். "பைத்தியமா பிடிச்சிருக்கு? முப்பது பேர் இருக்கோம் உள்ளே" என்றான் இன்னொருவன். அவர்கள் சொன்னது நியாயம். மனையை ஒட்டியே வெடித்த சுவர் நின்றது. எனக்கு எல்லாம் தெரிந்தது. தாழ்ப்பாளின் மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். ஃபெர்மின் ஒரு கை தூரத்தில் நின்று, என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

"திற, தென்ச்சா."

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ரொசாவுரா, கையில் மாத்திரை அட்டையோடு.

"திறந்தா போயிடுவான்," என்றேன். கை தாழ்ப்பாளை விட்டு வரவில்லை.

வகுப்பில் நான் சொன்னதையெல்லாம் அவள் அப்போது எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவள் கம்பிக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முதல்ல அவன் எங்கே நிக்கறான்னு பாரு. அவனுக்கும் கதவுக்கும் நடுவுல நீ இருக்கணும். அப்புறம் நான் நுழையற அளவுக்கு மட்டும் திற." பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "பயப்படாதே. முதல் நாள் பூட்டறப்போ எனக்கும் கை இப்படித்தான் ஆடுச்சு."