ஆறு நீச்சல் உடைகளும் ஒரு வேப்பிலைச் சேலையும்

என் மகளுக்கு எட்டு வயது. தையல், லேபிள், எலாஸ்டிக் எல்லாம் அவளுக்குப் பகையாளிகள். நமக்கு லேசாக உரசுவது அவள் தோலுக்குக் கீறுகிற மாதிரி இருக்கும் என்றார் டாக்டர். அங்கே பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நான் அதற்கு அடம் என்று பெயர் வைத்தேன்.

தண்ணீரில் மட்டும் அவள் வேறு பிள்ளை. கழுத்தளவு டிரம்மில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் பக்கம் நீச்சல் குளம் திறந்ததும் சேர்த்துவிட்டேன். பருத்தித் துணியோடு இறங்கக்கூடாது, நீச்சல் உடைதான் என்று சட்டம். அதைப் போட முடியாமல் இரண்டு வாரம் கரையில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

திருவள்ளூருக்கு அலைந்து ஆறு உடைகள் வாங்கினேன். ஆறையும் போட்ட வேகத்தில் கழற்றி எறிந்தாள். "எல்லாப் புள்ளைங்களும் போட்டுக்கினுதானே போவுது, இதுக்கு மட்டும் இன்னாவாம்?" என்றார் கடைக்காரர். பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். எதிர் வீட்டில் முதுகில் ரெண்டு போடச் சொன்னார்கள். எங்கள் ஊரில் துணிக்குத்தான் விலை, யோசனை இலவசம்.

என் நாத்தனார் யோசனையோடு நிற்கவில்லை. பிள்ளைக்கு வேப்பிலைச் சேலை கட்டுவதாகப் பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்தேவிட்டாள். லேபிளைத் தாங்காத பிள்ளைக்கு வேப்பங்கொத்தில் சேலை! அம்மனே ஒரு நிமிஷம் திகைத்திருப்பாள். நேர்ந்ததைத் தள்ளக்கூடாது என்பதால், மகளுக்குப் பதில் நான் கட்டிக்கொள்வதாக முடிவானது.

ஈரத் துணிமேல் கொத்துக் கொத்தாகக் கட்டிவிட்டார்கள். காம்பெல்லாம் விலாவில் குத்தியது. கோயிலைப் பாதி சுற்றுவதற்குள் நெளிய ஆரம்பித்தேன். "பக்தியா நடங்க அண்ணி" என்று அதட்டினாள் நாத்தனார். மகள் என்னைக் குனியச் சொல்லிக் காதருகே வந்தாள்.

"குத்துதாம்மா? கழட்டிடு. நான் அடம்னு சொல்ல மாட்டேன்."

மீதிச் சுற்றை அழுதுகொண்டே நடந்தேன். அண்ணிக்கு அருள் வந்துவிட்டது என்று நாத்தனார் வழிவிடச் சொன்னாள்.

நான் வேலை பார்ப்பது கார் சீட்டு உறை தைக்கும் கம்பெனியில். தையல் முடிச்சு வெளியே தெரிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. தெரிந்தால் ரிஜெக்ட். பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தக் கூடாது, அவ்வளவுதான். அன்று மாலை முதல்முறையாக ஒரு நீச்சல் உடைக்குள் கையை விட்டுத் தடவினேன். முரட்டுத் தையல் முழுக்க உடம்புப் பக்கம் இருந்தது. லேபிளை அறுத்தெறிந்து, உடையை உள்வெளியாகத் திருப்பி மகளிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கழற்றவில்லை.

மறுநாள் குளத்தில் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார். "டிரெஸ்ஸு உல்டாவா கீதும்மா."

"தெரியும் சார்" என்றேன். அதற்குள் அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

எல்லாம் அந்த வேப்பிலையால்தான் என்று நாத்தனார் இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுப்பதில்லை.