வரப்பில் நடந்தவர்

பாவாடை நாற்பத்தோரு வருடம் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தார். நடப்பதெல்லாம் வரப்பு மேல்தான். உப்பு பூத்த பாத்தியில் தானாகக் கால் வைக்கமாட்டார். கணக்கப்பிள்ளை இறங்கச் சொன்னால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்.

அவர் மகள் ஷாலினி புதுச்சேரியில் சிவில் இன்ஜினியர். மே மாதம் அவள்தான் அவரை இமயமலைக்கு அழைத்துப்போனாள். கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது துங்கநாதர் கோயில். கஸ்தூரி மானுக்காகக் காவல் காக்கும் காடு.

“மானும் சாமியும் ஒரே வேலிக்குள்ளயா?” என்று வழியெல்லாம் சிரித்தார்.

தரிசனம் முடித்து உச்சியைப் பார்க்க ஏறினார்கள். மேகம் இறங்கியது. கரையாத பனிவெளியின் நடுவே, காலடித் தடங்கள்தான் வழி. வழிகாட்டி முன்னால், ஷாலினி அடுத்து. திரும்பிப் பார்த்தாள். அப்பா பின்னால் இல்லை.

பக்கவாட்டில், ஆறேழு மீட்டர் தள்ளி, பனி மேடிட்ட விளிம்பில் கைவீசி நடந்துகொண்டிருந்தார். வரப்பு மாதிரியே இருந்தது அது. அடியில் பாறை இல்லை. காற்று வெளியே நீட்டிவிட்ட வெறும் பனி. அதற்குக் கீழே பள்ளம். ஓடப்போன ஷாலினியை வழிகாட்டி இறுக்கிப் பிடித்தான். இன்னொரு ஆளின் எடையை அது தாங்காது.

கத்தினால் அப்பா திடுக்கிட்டுவிடுவார் என்று ஷாலினிக்குப் பயம்.

“ப்பா. மெதுவா இந்தப் பக்கம் வாப்பா.”

“இந்த வெள்ளை மேலயா?”

“அது உப்பு இல்லப்பா.”

“தெரியுது. நக்கிப் பாத்துட்டேன். உப்பு இல்லன்னா மிதிச்சிடலாமா? சாமியோட பாத்தி. பாழாயிடும்.”

அவர் காலருகே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. கான்கிரீட்டில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் ஷாலினி ஆட்களை வெளியேற்றிவிடுவாள். வாதாட நேரமில்லை. கணக்கப்பிள்ளையின் குரலில் சொன்னாள்:

“பாவாடை, பாத்தில எறங்கு.”

நின்றார். சிரித்தார்.

“சரிங்க.”

குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“ஷூவோட வாப்பா. ஷூவோட.”

“இருடி, ஒண்ணு அவுந்துடுச்சு.”

கோடு அகன்றது. விளிம்பு சத்தமில்லாமல் போனது. அவரும் போனார்.

ஷாலினி பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். லேஸ் அவிழ்த்தது பன்னிரண்டு வினாடி. விளிம்பை விட்டு அடியில் பாறை உள்ள பனிக்கு வர மூன்று எட்டு வைத்தால் போதும். அதே குரலில் தரைக்கு வா என்று சொல்லியிருந்தால் ஷூவோடு வந்திருப்பார். அவள் சொன்னது, பாத்தி.