விலாங்கைச் சுமந்து சென்றவர்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆற்றுத் தண்ணீர் குழாய்க்குள் போகும் இடத்தில் கம்பி வலையை அடைக்கும் இலைகளை அள்ளுவது ஓர் அம்மாவின் வேலை. தொப்பி, ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ். அள்ளிய ஒவ்வொரு கைப்பிடியையும் விரித்துப் பார்த்த பிறகே எறிவார்.

உரம் இறக்க லோரியில் போன நான், மழை விட்ட ஒரு காலையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இலைகளுக்குள் என் கை தடிமனில் ஒரு விலாங்கு நெளிந்தது.

"நல்ல கறியாச்சே அக்கா, எனக்குக் குடுங்க," என்றேன்.

"வேணாம் தம்பி. இது முட்டை போட கடலுக்குப் போவுதுலா. ஆயுசுல ஒரே தடவதான் போவும். குஞ்சுங்க ஈரப் பாறையப் புடிச்சு ஏறி வந்துடும். பெருசு எறங்கறப்பதான் இங்க மாட்டிக்குது."

ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வழுக்கும் சரிவில் இறங்கி, தண்ணீரைக் குழாய்க்குத் திருப்பும் தடுப்புக்குக் கீழே ஆற்றில் விட்டார். நானும் பின்னால் போனேன்.

"கீழ பெரிய அணை இருக்கே அக்கா?"

"அங்கயும் யாராச்சும் இலை அள்ளுவாங்கதானே," என்று சிரித்தார்.

வெறுங்கையோடு திரும்பினாலும் மனம் நிறைந்திருந்தது. அவர் சொன்னது சரியா என்று இன்றும் தெரியாது. அணையைக் கடக்கும்போதெல்லாம் லோரியை மெதுவாக்கி, அங்கே யாராவது குனிந்திருக்கிறார்களா என்று தேடுகிறேன்.