லெசாமாவின் கட்டைவிரல்

திங்கட்கிழமைகளில் யூடோரா படுக்கை விரிப்புகளைத் துவைப்பாள். கொல்லையில் தகரத் தொட்டி, நீலச் சோப்பு, தேய்க்கிற பலகை. அன்று கணவர் படுத்த பக்கம், கால்மாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் காய்ந்திருந்தது. சோப்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பில்பர்ட் லெசாமா மேசையில் உட்கார்ந்து சூடாகக் கொக்கோ குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் புழுக்கத்திலும் காலில் கம்பளிச் சாக்ஸ்.

"லெசாமா, கால்ல என்ன?"

"குளிருது."

"டிரினிடாட்லயா?"

லெசாமா கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

எங்கள் மலைப் பக்கத்தில் விரிப்பின் கால்மாட்டில் ரத்தம் இருந்தால் யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ரத்தம் குடிக்கிற வௌவால் தூங்குகிறவனை எழுப்பாது. கட்டில் விளிம்பில் நடந்து வந்து, கால்விரல் நுனியில் ஒரு துளி சதையைச் சீவிவிட்டு நக்கிக் குடித்துப் போய்விடும். அது போன பிறகும் ரத்தம் நிற்காது. கடிபட்ட ஆள் லெசாமா என்பதுதான் சிக்கல். அவர் அரசாங்கத்து வௌவால் பிடிப்பவர்.

இருபது வருஷத்துக்கு மேலாக அதுதான் அவர் வேலை. பொழுது சாயும்போது மாட்டுக் கொட்டிலைச் சுற்றி வலை கட்டுவார். சிக்குகிற வௌவாலின் முதுகில் விஷப் பாகைத் தடவிப் பறக்க விட்டுவிடுவார். அது தன் பொந்துக்குப் போகும். கூட இருக்கிற வௌவால்கள் அதை நக்கிச் சுத்தம் செய்து எல்லாமாகச் சாகும். "பாசத்துலயே அழியற குடும்பம்யா அது" என்று ரம் கடையில் சொல்வார்.

வௌவால் யாரையாவது கடித்தால் போதும், லெசாமாவே அவர் கையைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். வெறிநாய்க் கடிக்குப் போடுகிற அதே ஊசி, வயிற்றில், தினமும் ஒன்று, இரண்டு வாரத்துக்கு. கடிபட்டவரின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எறும்புக் கடி மாதிரிதான் கண்ணு, சரியாயிடும்" என்பார். பால்காரர் பூத்ராம் உதறியபோது அவர் தோள் இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டும் பாடியிருக்கிறார். ஆனால் வௌவால் பிடிக்கிறவர்கள் எல்லோரும் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆபீசில் உத்தரவு வரும்போதெல்லாம் லெசாமாவுக்கு டொபேகோவில் ஓர் அத்தை இறந்துபோவாள். டொபேகோவில் அவருக்கு நிறைய அத்தைகள்.

யூடோரா ஈரக் கையோடு உள்ளே வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அதிலிருந்த கம்பி வலையைப் போன வாரம்தான் லெசாமா கழற்றி, பிடித்த வௌவால்களை அடைக்க ஒரு கூண்டு செய்திருந்தார்.

"வௌவால்தானே?"

"கொசு."

"கொசு இவ்வளவு ரத்தத்தை மிச்சம் வைக்குமா?"

லெசாமா கொஞ்சம் யோசித்தார். பிறகு, இத்தனை வருஷம் ஊரில் யார் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரித்த பதிலை அவரே சொன்னார். "சூக்குயாவா இருக்கும்."

சூக்குயா என்றால் ராத்திரியில் தன் தோலை உரித்து உரலில் ஒளித்துவிட்டு, நெருப்புப் பந்தாகப் பறந்து வந்து ரத்தம் உறிஞ்சுகிற கிழவி. எங்கள் ஊரில் அந்தப் பட்டம் மா குளோதில் கிழவிக்கு. காரணம், அவள் தனியாக இருந்தாள், ராத்திரி வெகுநேரம் விளக்கெரித்தாள், யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. லெசாமா வீட்டுக்கு அடுத்த வீடு.

யூடோரா வாளியை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனாள். அங்கே வரிசையில் நின்றவர்களிடம், "எங்க வீட்டுக்காரரைச் சூக்குயா கடிச்சிடுச்சாம். வௌவால் இல்லையாம். அவரே சொல்றாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

சாயங்காலத்துக்குள் மா குளோதில் வாசற்படியில் யாரோ அரிசி இறைத்திருந்தார்கள். சூக்குயா அதை ஒரு மணி விடாமல் எண்ணி முடிக்காமல் அங்கிருந்து நகர முடியாது, விடிந்ததும் மாட்டிக்கொள்வாள் என்பது ஐதீகம். மறுநாள் காலையில் மா குளோதில் ஓர் எனாமல் கிண்ணத்தோடு லெசாமா வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இந்தா யூடோரா, என் வாசல்ல இறைச்ச அரிசி. பாதி கல்லு. என்னை மடக்கணும்னா நல்ல அரிசியா வாங்கிப் போடச் சொல்லு. எங்க உன் புருஷன்?"

லெசாமா பின்கதவுப் பக்கம் நகர்ந்தார். அங்கே யூடோரா நின்றாள்.

"பில்பர்ட், சாக்ஸைக் கழட்டு."

"மா, அது வந்து..."

"கழட்டுடா."

கழற்றினார். மா குளோதில் குனிந்து கட்டைவிரலைப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையா நான் வாயில வெச்சேன்? பக்கத்துலயே யூடோரா குளிச்சு முழுகிப் படுத்திருக்கா. அவளை விட்டுட்டு, மாட்டுச் சாணிக்குள்ள நாள் முழுக்க ஊறின இதை? பாருடா." வாயை அகலத் திறந்து காட்டினாள். ஒரு பல்கூட இல்லை. "எதை வெச்சுக் கடிச்சேன்? சொல்லு. ஈறை வெச்சா?"

யூடோரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நீயும்தான், யூடோரா. குழாயடியில என் மானத்தை வாங்கறதுக்கு, நேரா வந்து என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா வந்திருப்பியா, மா?"

"மாட்டேன்."

மா குளோதில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "ஊர்ல வரிசையாச் செத்தாங்களே, அந்த வருஷம் நீ சின்னப் பையன், பில்பர்ட். டாக்டருங்க இளம்பிள்ளை வாதம்னாங்க. மாடு விழுந்தா தீவனத்துல விஷம்னாங்க. வௌவால்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. என் லியோபோல்டு முதல்ல என்ன சொன்னான் தெரியுமா? 'அம்மா, கால் மரத்துப் போச்சு'ன்னான். அவ்வளவுதான். அதுக்கு மேல எந்த ஊசியும் வேலை செய்யல."

லெசாமாவுக்குத் தெரியும். லியோபோல்டும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அந்த வருஷம் சவப்பெட்டி செய்ய ஆள் போதாமல் அவர் அப்பாவும் போய்ச் செய்தார். கால் மரத்த பிறகு பிழைத்தவர் யாருமில்லை என்று கூட்டம் போட்டு ஊருக்குச் சொன்னவரே லெசாமாதான்.

"உன் கால் மரத்துப் போகுதா?" என்றாள் மா குளோதில்.

லெசாமா விரலை அசைத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் அசைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

சுகாதார நிலையத்துக்குள் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. முன்பு லெசாமாவால் இழுத்து வரப்பட்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலர், தங்களுக்கு எந்த நோயும் இல்லாமலே பெஞ்சில் இடம் பிடித்திருந்தார்கள். பூத்ராம் பால் கேனோடு வந்திருந்தார்.

நர்ஸ் தன்மாத்தி கேட்டாள். "என்ன கடிச்சுது?"

லெசாமா வாசலைப் பார்த்தார். மா குளோதில் கிண்ணத்தோடு நின்றாள்.

"வௌவால்."

"சத்தமாச் சொல்லுடா, பெஞ்சில இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றாள் மா குளோதில்.

"வௌவால்! வௌவால்! போதுமா?"

"தோளைப் பிடிச்சுக்கட்டுமா, லெசாமா?" என்று பூத்ராம் எட்டிப் பார்த்தார். "பாட்டும் தெரியும்."

நர்ஸ் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். யூடோராவும் வெளியேதான். சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்த லெசாமா கூரையைப் பார்த்தார். ஊசி உள்ளே போனபோது அவர் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அது எறும்பு இல்லை என்று பூத்ராம் எல்லோருக்கும் விளக்கினார்.

உள்ளே, நர்ஸ் பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டாள். லெசாமா சட்டையை இறக்கவில்லை. வேர்த்திருந்தது.

"ஒரு பகலும் ராத்திரியும் முழுசா வீணாப் போச்சே, தன்மாத்தி. நேரம் தப்பிடலையே? சரியாயிடும்ல?"

அந்தக் கட்டிலில் படுத்த எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதில் சொல்வது எப்போதும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் லெசாமாவின் வேலை. தன்மாத்தி பழக்கத்தில் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.